லண்டன் குற்ற வரைபடம்: எல்லாம் ஒரே புள்ளியில் குவிவது ஏன்?

வணக்கம் நண்பரே. பிரிட்டன் காவல்துறையின் குற்றத் தரவைத் தரும் டேட்டா.போலீஸ்.யூகே தளத்தின் கோப்பை வரைபடத்தில் போட்டதும் ஏராளமான குற்றங்கள் உங்கள் வீட்டு வாசலில் ஒரே புள்ளியில் குவிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் பிழையில்லை. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காண முடியாதபடி, ஒவ்வொரு சம்பவத்தையும் முன்பே குறித்துவைத்த அருகிலுள்ள புள்ளிக்கு நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். அந்தப் புள்ளியைச் சுற்றிக் குறைந்தது 8 முகவரிகள் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அதனால் புள்ளிகள் குவியும் இடத்தைச் சிவப்பாகக் காட்டும் ஹீட்மேப் வேண்டவே வேண்டாம். குற்றமே நடக்காத வாசலைச் சிவப்பாக்கி, அங்கே குடியிருப்பவரை வீணாகப் பயமுறுத்தும்.

எல்எஸ்ஓஏ (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதி) குறியீடு என்ற நெடுவரிசை கோப்பிலேயே இருக்கிறது. அதை வைத்துப் பகுதிவாரியாகக் குற்றங்களை எண்ணுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அந்தப் பகுதிகளின் எல்லைக் கோப்போடு இணைத்து, அங்கே வசிக்கும் 1,000 பேருக்கு எத்தனை என்று நிறம் கொடுங்கள். எல்லைக் கோப்பு வேறு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டுடையதானால் சில பகுதிகள் இணையாமல் வெறுமையாக நிற்கும். அதைச் சுழியம் என்று காட்டிவிடாதீர்கள். மத்திய லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் போல வந்துபோகிறவர்கள் அதிகமுள்ள இடத்தில் இந்த விகிதம் ஏமாற்றும், அங்கே எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இடம் குறிப்பிடாத வரிகளை முதலிலேயே நீக்குங்கள், இல்லையென்றால் அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை 0,0 ஆகி ஆப்பிரிக்கக் கடலில் விழக்கூடும். தேதி, நேரம் கிடையாது, மாதம் மட்டும்தான். எனவே நீங்கள் கேட்ட 'இரவு நேர வரைபடம்' இந்தத் தரவில் முடியாது.