தாழ்ப்பாள் இருந்த பக்கம்

கேள்வி: மனநோய் மருத்துவர் கவனிக்க வேண்டிய ஒன்று. அதற்குள் மனித உரிமையை நுழைப்பது மேல்நாட்டு இறக்குமதி அல்லவா? நம் பெரியவர்கள் இப்படிப்பட்டவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளவில்லையா?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: ‘வைத்து’ என்ற சொல்லை எவ்வளவு எளிதாகக் கடந்துவிட்டீர்கள்! நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் புளோக்கில் ஒரு வீட்டின் பின்னறையில், முப்பது வயதைத் தாண்டிய மகன் ஒருவரை அப்படித்தான் வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு விருந்தினர் வந்தால் அந்த அறையின் வெளித்தாழ்ப்பாள் விழும். வானொலியின் ஒலி கூடும். முறுக்குத் தட்டு மட்டும் உள்ளே போகும். பெற்றோர் கொடியவர்கள் அல்லர், வேளை தவறாமல் சோறிட்டவர்கள். ஆனால், கதவு எப்போது திறக்கும் என்று கேட்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை, அவருக்காகக் கேட்க வேறு எவருக்கும் இல்லை. அந்த அதிகாரத்தைத்தான் உரிமை என்கிறோம்.

சிங்கப்பூரில் இந்த வரலாறு தொடங்கிய இடம் சிறைச்சாலை. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளும் கைதிகளோடு அடைபட்டிருந்தார்கள்; 1840இல் அங்கே ஒரு கொலை நடந்த பிறகே, 1841இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் முனையில் அவர்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. பின்னர் 1928இல் இயோ சூ காங்கில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் சூட்டினார்கள். அருகிலிருந்த மரப்பாலத்தை நினைவூட்டும் சாதுவான பெயர்தான். ‘உட்பிரிட்ஜுக்கு அனுப்பிவிடுவேன்’ என்று பிள்ளைகளை மிரட்டி மிரட்டி அதையும் வசைச்சொல்லாக்கிய பெருமை நம்மைச் சேரும். ஜாலான் உட்பிரிட்ஜ் என்ற சாலைகூடக் கடைசியில் ஜெரால்டு டிரைவ் என்று பெயர் மாறிக்கொண்டது.

மேல்நாட்டு இறக்குமதியைத் தேடுகிறீர்கள் என்றால், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைப் பாருங்கள். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அந்தச் சரக்கு இங்கிருந்து நீங்கியது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான்.

தமிழ்நாட்டு ஏர்வாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பத்தாரும், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் விட்டார்கள்.

சரி, எல்லாவற்றையும் மருத்துவரிடமே ஒப்படைத்துவிடலாமா? 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நம் மனநலச் சட்டம் மருத்துவரையும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று கருதப்படும் நோயாளியை, அவர் விரும்பாவிட்டாலும், மருத்துவர் ஒருவர் மனநலக் கழகத்தில் (அந்தப் பழைய உட்பிரிட்ஜின் இன்றைய வடிவம்) 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதை ஒரு மாதத்துக்கு நீட்டிக்க வேண்டுமானால் வேறொரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். அதற்கும் மேலே 6 மாதம் வரை என்றால், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். பூட்டுகிறவர் யார், எவ்வளவு நேரத்துக்கு, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் புளோக்கின் பின்னறைக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. அந்த மகன் அதற்குள் எத்தனை தீபாவளிகளைக் கழித்தார் என்று, முறுக்குத் தின்ற எங்களில் ஒருவரும் எண்ணவில்லை.