முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டம்

கேள்வி: வயது 43. மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஐந்து வருடமாக ஓடிவந்தேன். மூன்று ஹாஃப் மாரத்தான் முடித்திருக்கிறேன். வலது முட்டியில் மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்து, சிறு துளை போட்டுக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். நான்கு மாதம் ஆகிறது. டாக்டர் ஓடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் 3 கிலோமீட்டர் தாண்டினாலே மறுநாள் முட்டி வீங்குகிறது. பழையபடி 21 கிலோமீட்டர் ஓட என்ன செய்ய வேண்டும் மேடம்?

– வாசகர், மதுரை

பதில்: முதலில் அந்த வீக்கத்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொன்னால், 21 என்ற எண்ணைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள்.

இதே ஆபரேஷன் எனக்கு 49 வயதில் இடது முட்டியில் நடந்தது. அனுமதி கிடைத்ததுமே பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பழைய வேகத்தில் ஓடிப் பார்த்தேன். வீக்கம், நான்கு நாள் ஓய்வு, மறுபடி ஓட்டம், மறுபடி வீக்கம். இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் என் மகள் பக்கவாட்டில் நின்று செல்போனில் வீடியோ எடுத்தாள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், இடது காலை விறைப்பாக நீட்டி, குதிகாலை உடம்புக்கு ரொம்ப முன்னால் குத்தி இறக்குகிறேன். நான் நொண்டுகிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

முட்டியில் நீர் கோத்தால் தொடையின் முன்தசை பாதிதான் வேலை செய்யும். அது வாங்க வேண்டிய அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகும். அங்கே மெத்தை போல இருந்த ஜவ்விலும் ஒரு பகுதி இப்போது இல்லை. அதனால்தான் தூரத்தைவிட கால் எப்படி விழுகிறது என்பதை முதலில் கவனிக்கச் சொல்கிறேன்.

கண்ணாடி முன் ஒரு குட்டைப் படியில் வலது காலால் நின்று, இடது குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு எடுங்கள். வலது முட்டி உள்பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தினமும் மூன்று தடவை, தடவைக்கு எட்டு என்று இதையே செய்யுங்கள். முட்டி கால்விரலுக்கு நேராக நிற்க எனக்கு ஆறு வாரம் ஆனது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் காலடி எண்ணிக்கை. ஓடும்போது 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். எனக்கு 39 வந்தது. நிமிடத்துக்கு 156 அடி. அதை 41 ஆக்கினேன், அதாவது 164. வேகம் அதேதான், ஒவ்வொரு காலடியின் நீளம் மட்டும் குட்டை. எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டியில் விழும் சுமை குறைகிறது. பாதமும் தானாக உடம்புக்குக் கீழே வந்து விழும். சீராக டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டால் எண்ணுகிற வேலையும் இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. மறுநாள் காலை எழுந்ததும் இரண்டு முட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது முட்டிச் சில்லின் ஓரத்தில் தெரியும் குழி மறைந்திருந்தால் அடுத்த முறை ஓட்டத்தைக் குறையுங்கள். வலி இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு வீக்கம்தான் எப்போதும் முதலில் வந்தது.

தொடர்ந்து 10 கிலோமீட்டர் ஓட எனக்கு ஏழு மாதம் பிடித்தது. பாலத்து இறக்கம் வந்தால் மட்டும் இப்போதைக்கு ஓடாதீர்கள், நடந்தே இறங்குங்கள்.