எஸ்எம்பிஎஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? அது எப்படிப் போனது என்று பாருங்கள்

கேள்வி: நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மூன்றாவது எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி) போய்விட்டது. விலை கூடியது வாங்கியும் அதே கதை. என்னதான் காரணம்?

ஒன்று போனால் எஸ்எம்பிஎஸ் மேல் பழி போடலாம். மூன்றும் போனால் அதற்கு முன்னால் இருக்கும் வீட்டு வயரிங்கையும், பின்னால் இருக்கும் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

முதலில், உண்மையிலேயே போய்விட்டதா? ஷார்ட்டோ ஓவர்லோடோ வந்தால் நல்ல எஸ்எம்பிஎஸ் தானாகவே அணைந்துகொள்ளும். பவர் கார்டைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுச் செருகினால் சில சமயம் பழையபடி எழுந்துவிடும். எழவில்லையா, பவர் கார்டைப் பிடுங்கி எல்லா இணைப்பையும் கழற்றுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, பவர் கார்டைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். எல்லாமே கறுப்பு வயராக இருந்தால் 16, 17ஆம் பின்கள். 12 வோல்ட் லைனில் மல்டிமீட்டர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்டினால் உயிர் இருக்கிறது. லோடு தாங்குமா என்பது வேறு விஷயம்.

கரண்ட் போய் வந்த நொடியில் 'டப்' என்று வெடித்து எம்சிபி (ஷார்ட் ஆனால் தானாக இறங்கும் மெயின் போர்டு சுவிட்ச்) இறங்கியதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் சுவர்ப் பக்கம். நம் ஊர் வீடுகளில் நான் அதிகம் பார்த்தது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், லூசாவதுதான். த்ரீ பேஸ் வீட்டில் மீட்டர் பெட்டியிலோ கம்பத்திலோ நியூட்ரல் விட்டுப்போனால், பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட் தாறுமாறாகப் பிரியும். ஒரு அறையில் பல்பு பளீரென்று எரியும், ஃபேன் பறக்கும். அடுத்த அறையில் லைட் மங்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பொதுவாக 400 அல்லது 450 வோல்ட் டிசி தாங்கும். 230 வோல்ட் ஏசியின் உச்சமே 325. லைன் 320க்கு ஏறினால் உச்சம் 450ஐத் தாண்டிவிடும், அப்புறம் எந்த பிராண்டாக இருந்தால் என்ன? ஸ்டெபிலைசர் மாட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து மெயின் போர்டிலிருந்து ஒவ்வொரு நியூட்ரல் முனையையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு அந்தப் பக்கம் என்றால் ஈ.பி.யில் புகார் கொடுக்க வேண்டும்.

அவர் வந்த கையோடு எர்த்தையும் பார்த்துவிடட்டும். கேபினட்டின் பின்பக்கத் திருகில் கை பட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கிட்டத்தட்ட பாதி மெயின் வோல்டேஜ் கேபினட்டில் வந்து நிற்கும். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயரே இருக்காது. இது மட்டுமே எஸ்எம்பிஎஸ்ஸைக் கொல்லாது. ஆனால் திடீர் வோல்டேஜ் தாவலைத் தடுக்கும் ஸ்பைக் கார்டு தரும் பாதுகாப்பில் பாதி போய்விடும்.

கேம் ஆடும்போது ரீஸ்டார்ட் ஆகி ஆகிக் கடைசியில் செத்ததா? லேபிளைப் படியுங்கள். மேலே பெரிதாக 500 வாட் என்று போட்டிருக்கும். 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 216 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். கேபினட்டோடு இலவசமாக வரும் டப்பாக்களில் இந்தக் கூத்து சகஜம். தூசி அடைத்த ஃபேனும் இதே வேலையைச் செய்யும். உள்ளே நுழைந்து கருகிக் கிடக்கும் பல்லியையும் பார்த்திருக்கிறேன்.

புதியதை மாட்டிய உடனே போகிறது என்றால் மதர்போர்டைக் கழற்றிப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் கேபினட்டின் பித்தளை ஸ்டட் (போர்டைத் தாங்கும் சிறு தூண்) ஒன்று நின்று அடியில் ஷார்ட் ஆக்கும். இன்னொன்று, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை (தனியாகக் கழற்றி மாட்டும் கேபிள்) புதியதில் செருகவே கூடாது. கனெக்டர் பார்க்க ஒன்றாகவே இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து போகும்.

கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸுக்கு மாறாமல் கம்ப்யூட்டர் அணைந்தால், அது எஸ்எம்பிஎஸ் போனதாகாது. விலை குறைந்த யுபிஎஸ் தரும் சதுர அலை சில ஆக்டிவ் பிஎஃப்சி (இழுக்கும் கரண்ட்டைச் சீராக்கும் சர்க்யூட்) எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

எதுவானாலும் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரன்டியும் கிடைக்காது.