செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய் வர முடியுமா? எப்படிச் சமாளிப்பது?

முடியும். ஆயிரக்கணக்கானவர்கள் போய் வருகிறார்கள். உங்களுக்கு ஒன்பதரை மணி ஆபீஸ், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வண்டியில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எல்லோரும் காலையைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஆளைச் சாய்ப்பது சாயங்காலம்தான். காலையில் செங்கல்பட்டிலேயே புறப்படும் ரயிலைப் பிடித்தால் உட்கார்ந்து போகலாம். பத்து நிமிடம் முன்னால் பிளாட்பாரத்தில் இருந்தால் போதும். காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கத்திலிருந்து வரும் ரயிலில் இது நடக்காது. சாயங்காலம் சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற ரயில் மாம்பலத்திலேயே நிரம்பிவிடும். கிண்டியில் ஏறுவது என்பது கதவோடு மல்லுக்கட்டுவதுதான்.

அதனால் சீசன் டிக்கெட்டைக் கிண்டிக்கு எடுக்காதீர்கள், பீச் வரைக்கும் எடுங்கள். கூடுதல் பணம் பெரிதாக இருக்காது. முதுகு வலியோ கால் வலியோ இருக்கும் நாளில் கிண்டியில் எதிர்த் திசை ரயில் ஏறி பீச் போய், அங்கிருந்து கிளம்பும் ரயிலில் உட்கார்ந்து வந்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் கூடுதலாகும், அது உண்மை. கர்ப்பிணிப் பெண்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கிண்டி வரைக்கும் மட்டும் சீசன் வைத்துக்கொண்டு இப்படிப் போனால் அது டிக்கெட் இல்லாத பயணம். பரிசோதகர் பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

மூன்று மாத சீசனுக்கு ஒரு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான். முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். செல்போனில் எடுக்கும் சீசன் மறுநாளிலிருந்துதான் செல்லும். முடிந்த மறுநாள் காலை பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுத்தால் அன்றைக்கு உதவாது. 2025 ஏப்ரலில் வந்த ஏசி லோக்கலில் சாதாரண சீசன் செல்லாது. அது தொடங்கியபோது பீச்–செங்கல்பட்டு ஒரு வழிக் கட்டணமே 105 ரூபாய். தினமும் கட்டுப்படியாகாது, மே மாதத்தில் உடம்பு முடியாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் தாமதமாகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது முக்கியம். தாம்பரத்துக்கு வடக்கே லோக்கலுக்குத் தனித் தடம் உண்டு. தெற்கே, செங்கல்பட்டு வரை, மொத்தமே மூன்று தடம். எக்ஸ்பிரஸ்களும் லோக்கலும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தென்மாவட்ட இரவு ரயில்கள் தாமதமாக வரும் காலையில் உங்கள் லோக்கலை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஆபீஸுக்கு எந்த ரயில் சரியாக இருக்குமோ, அதற்கு முந்தையதுதான் உங்கள் ரயில். ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தால் பராமரிப்புக்காக ரத்தாகும் ரயில்களை முந்தின நாளே பாருங்கள்.

வாசலில் தொங்காதீர்கள். இது வெறும் உபதேசம் என்று நினைப்பவர்களுக்கு: 2018 ஜூலையில் பரங்கிமலையில் படியில் தொங்கிப் போனவர்கள் தடுப்புச் சுவரில் மோதி இறந்தார்கள். அன்று அந்த லோக்கல் வழக்கமான தடத்தில் போகவில்லை, எக்ஸ்பிரஸ் தடத்தில் திருப்பிவிட்டிருந்தார்கள். தினமும் போகிறவருக்குக்கூட அந்தத் தடத்தில் சுவர் எவ்வளவு நெருக்கம் என்று தெரியாது. பையை மார்பில் மாட்டுங்கள். வாசலருகே போனைக் கையில் வைத்திருந்தால், ரயில் மெதுவாகப் போகும் இடத்தில் கீழே நிற்பவன் குச்சியால் தட்டிவிடுவான்.

சாப்பாடு. ஆறு மணிக்குக் கட்டிய தயிர்சாதம் வெயில் காலத்தில் ஒரு மணிக்குள் புளித்துப்போகும். தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். ஒரு கப் சாதத்தைக் குழைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது முக்கால் கப் காய்ச்சின பால், ஒரு ஸ்பூன் தயிர், கொஞ்சம் உப்பு. மதியம் திறக்கும்போதுதான் சரியாகத் தோய்ந்திருக்கும். சாதம் சுடச்சுட இருக்கும்போது தயிரைச் சேர்த்தால் தோயாது, திரிந்து நீர் விட்டுக்கொள்ளும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பாவாக இருக்கட்டும்.

"இவ்வளவு கஷ்டப்படுவதற்குப் பேசாமல் சென்னையிலேயே வீடு பார்க்கலாமே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். வாடகையை விடுங்கள், அட்வான்ஸுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் செல்லும் என்று அதிலேயே ஒரு வழியும் விட்டிருக்கிறது. அதனால் இன்றும் ஆறு மாதம், பத்து மாதம் என்று கூசாமல் கேட்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அதிலும் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்தப் பணத்தைப் புரட்டுவது எப்படி? பைக்கில் போகச் சொல்பவர்களுக்கும் ஒன்று: போக வர எண்பது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஜிஎஸ்டி சாலையில் லாரிகளுக்கு நடுவே. பெட்ரோல் செலவை விடுங்கள், இடுப்பு தாங்காது.

கடைசியாக, தாம்பரத்தோடு நிற்கும் ரயில்தான் அடிக்கடி வரும். கூட்டம் குறைவு என்று அதில் ஏறிவிடாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி நிற்கும்போது வருவது, நீங்கள் கிண்டியில் விட்டுவிட்டு வந்த அதே செங்கல்பட்டு ரயிலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதிலேயே கிண்டியில் ஏறி உள்ளே நகர்ந்து நின்றிருந்தால், தாம்பரத்தில் இறங்குகிறவர்களின் சீட் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.