சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர் வாசக்டமி செய்யலாமா? அதற்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டாமா?

கேட்டவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாசக்டமி (விந்துக்குழாயை வெட்டிக் கட்டும் ஆண் கருத்தடை) முகாம் என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். செய்யப்போகிறவர் காய்ச்சலுக்கு மருந்து எழுதும் அதே டாக்டர்தான், நம்பிப் போய்ப் படுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் பயிற்சி முடித்துச் சான்று வாங்கி, தொடர்ந்து செய்துகொண்டும் இருப்பவர் என்றால் தாராளமாகப் போகலாம். நானும் அப்படி ஒருவன்தான். கொங்குப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலர், படிப்பு எம்.பி.பி.எஸ். மட்டும்.

லேப்ராஸ்கோப் (வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கருவி) வைத்துப் பெண்களுக்குக் கருத்தடை செய்ய மகப்பேறிலோ அறுவை சிகிச்சையிலோ மேல்படிப்பு வேண்டும் என்பது அரசு விதி. அங்கே வயிற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது. தழும்பில்லா வாசக்டமிக்குப் பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். போதும், ஏனென்றால் மொத்த வேலையும் தோலுக்குச் சற்றுக் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் ஆழத்திலேயே முடிந்துவிடுகிறது. மயக்கம் கொடுப்பதில்லை, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி.

எனக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். முதலில் ரப்பர் மாடல், பிறகு பக்கத்தில் நின்று பார்ப்பது, அப்புறம்தான் கை வைக்க விடுவார்கள். இதில் கஷ்டமே பிடிப்பதுதான். விந்துக்குழாய் தோலுக்கடியில் மூட்டை தைக்கும் சணல் மாதிரி விறைப்பாக உருளும். இடது கை நடுவிரலை அடியில் கொடுத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலிருந்து அழுத்த, அந்தச் சணல் மூன்று விரலுக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தளர்த்தினால் நழுவி ஓடிவிடும். எனக்கு முதல் கேஸில் குழாய் கிடைக்கவே இல்லை. நான் தேடிக்கொண்டே இருக்கிறேன், படுத்திருந்தவர் கூரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். பயிற்சி கொடுத்த சார் வந்தார், என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஏசியை அணைக்கச் சொன்னார். குளிரில் தோல் சுருங்கி விதைகள் மேலேறிக்கொள்ளும், எவ்வளவு தேடினாலும் ஒன்றும் பிடிபடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்த பிறகு தோல் தளர்ந்தது, குழாயும் விரலுக்கு வந்தது. இன்றும் எங்கள் தியேட்டரில் வாசக்டமி நாளன்று ஏசி ஓடாது.

குழாய் கைக்கு வந்துவிட்டால், வளைய முனை உள்ள கிடுக்கியால் தோலோடு சேர்த்து அதைப் பிடித்து, கூர்முனைக் கிடுக்கியால் ஒரு சின்னத் துளை போட்டு விரித்து, குழாயை வெளியே எடுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் வெட்டி, இரண்டு முனையையும் கட்டி, நடுவே அதன் உறையையே ஒரு திரை மாதிரி வைத்துக் கட்டிவிட்டு உள்ளே விடுகிறோம். அடுத்த பக்கத்துக்கும் அதே துளைதான். பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், தையல் கிடையாது. சீனாவின் சிச்சுவானில் லீ ஷுன்சியாங் என்ற டாக்டர் 1974-இல் கண்டுபிடித்த முறை இது. 1987-இல் தாய்லாந்து மன்னரின் பிறந்த நாளன்று பாங்காக்கில் ஒரே நாளில் 1,203 பேருக்கு வாசக்டமி செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய கத்தி முறையில் 3.1 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, இந்த முறையில் 0.4 சதவீதம்.

ஆக, கையைப் பயிற்றுவிப்பது ஐந்து நாளில் ஆரம்பித்து ஐம்பது கேஸில் பழகிவிடுகிற விஷயம். பேசுவதைத்தான் எங்களுக்கு யாரும் போதுமான அளவு சொல்லித்தரவில்லை என்று நினைக்கிறேன்.

என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். விசைத்தறியில் வேலை செய்யும் ஒருவர், இரண்டு குழந்தைகள், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதால் தானே முன்வந்து செய்துகொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, மூன்று மாதம் வரை ஆணுறை போடுங்கள், பிறகு விந்துப் பரிசோதனைக்கு வாருங்கள் என்று போகிற போக்கில் சொன்னேன். வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கனவே இருக்கும் உயிரணுக்கள் வெளியேற அவ்வளவு நாள் ஆகும் என்பதை உட்காரவைத்து விளக்கவில்லை. ஐந்தாம் மாதம் மனைவியோடு வந்து நின்றார், அவர் கர்ப்பம். "ஆபரேஷன் பண்ணியாச்சுல்லங்க, அப்புறம் எப்படிங்க?" என்று கேட்டார், குரலில் கோபம்கூட இல்லை. அந்த அம்மா தலையே நிமிரவில்லை. வீட்டில் அவரை என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் கிராம சுகாதார செவிலியரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், மாமியார் முன்னால், தப்பு என் பேரில்தான், நான் சரியாகச் சொல்லவில்லை என்று விளக்கிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் மூன்று மாதம் முடியும் தேதியை அட்டையில் எழுதி, ஆணுறைப் பாக்கெட்டையும் கொடுத்து, கணவன் மனைவி இரண்டு பேரையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உள்ளூர் டாக்டர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். பாரம் தூக்கலாமா, ஆண்மை போய்விடுமா என்று ஒரு ஆள் முன்பின் தெரியாத நிபுணரிடம் போய்க் கேட்க மாட்டார். அவர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதித் தருகிற என்னிடம் கேட்பார். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போகிறது, இந்தக் குழாய் வழியாக அல்ல, விந்தின் பெரும்பகுதியும் வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்று என்னால் நிதானமாகச் சொல்ல முடியும். பெரியவர்கள் இன்னும் மிசா காலத்தை, அதாவது அவசரநிலைக் காலத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1976-77-இல் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு, பலருக்கு மிரட்டியே, செய்த காலம் அது. அந்தப் பயம் போஸ்டர் ஒட்டிப் போகாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் தம்பதிகளிடையே பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3 சதவீதம். பிரசவத்துக்கு வரும் பெண்ணிடமே அதையும் முடித்துவிடுகிற பழக்கம் நமக்கு. அவளோ மூன்று குழந்தை பெற்ற களைப்போடு மறுபடியும் மேஜையில் படுக்கிறாள். அவளுடைய ஆபரேஷனைவிட எளிதான ஒன்று கணவனுக்கு இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: சான்று இருக்கிறதா, கடந்த சில மாதங்களில் எத்தனை கேஸ் செய்தார், விந்துப் பரிசோதனை எங்கே. சான்று வாங்கி வருஷக்கணக்கில் ஒரு கேஸும் செய்யாதவர் என்றால், அதிகம் செய்கிறவரிடம் போங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை வாசக்டமி இருவார விழா நடக்கும், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாவட்ட குடும்பநலச் செயலகத்தில் கேட்டால் யார் செய்கிறார், எந்தக் கிழமை என்று சொல்வார்கள். செய்துகொண்ட பிறகு இரண்டு நாள் ஓய்வு எடுங்கள், இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குச் சைக்கிளும் பாரமும் வேண்டாம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.