கேளுங்கள், சொல்கிறோம்: துளியும் மின்சாரமும்

கேள்வி: மின்சாரம் கொடுத்தால் நீர்த்துளி தட்டையாகப் பரவும் என்பதைப் பள்ளிக் கண்காட்சியில் காட்ட நினைத்தோம். அலுமினியத் தாளில் துளியை வைத்து 9 வோல்ட் பேட்டரியை இணைத்தால் குமிழிதான் கிளம்புகிறது. துளி அப்படியே இருக்கிறது. எங்கே தவறு?
– இயற்பியல் ஆசிரியை, திருமங்கலம்

பதில்: துளி உலோகத்தை நேரடியாகத் தொடுகிறது, அதுதான் தவறு. மின்னோட்டம் பாய்ந்து மின்னாற்பகுப்பு நடக்கிறது, அதாவது தண்ணீர் வாயுக்களாகப் பிரிகிறது. மின்சாரத்தால் துளியின் உருவம் மாறும் இந்த விளைவை பிரெஞ்சு இயற்பியலாளர் லிப்மன் 1875இல் பாதரசத்தில் ஆராய்ந்தார். ஆனால் வெறும் உலோகத்தின் மேல் இருக்கும் தண்ணீருக்கு ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் கொடுத்தாலே அது பிரியத் தொடங்கிவிடும். நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் வைத்தால் வோல்ட்டை நன்றாக ஏற்றலாம் என்று 1993இல் இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளர் பெர்ஜ் காட்டினார். நீங்களும் அதையே செய்யுங்கள்.

கண்ணாடித் துண்டில் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அதன்மேல் உணவு மூடும் பாலித்தீன் படலத்தை (சுமார் 10 மைக்ரான்) காற்று சிக்காமல் இழுத்து ஒட்டுங்கள். ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெயைத் தடவி, டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் துளியின் ஓரம் ஒட்டிக்கொள்ளும், மின்சாரத்தை நிறுத்தினாலும் பழைய உருவத்துக்குத் திரும்பாது. துளிக்கு 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சு வசதி: ஒரு யூனிட் 25 மைக்ரோலிட்டர். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். போர் தண்ணீர் என்றால் அதுவும் வேண்டாம். மெல்லிய செம்புக் கம்பி ஒன்று மேலிருந்து துளிக்குள் இறங்கட்டும். மறுமுனை அலுமினியத் தாளுக்கு.

வோல்ட் எவ்வளவு? விளைவு வோல்ட்டின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப வளரும். தொடுகோணம் (துளியின் ஓரம் தளத்தோடு துளிக்குள் அமைக்கும் கோணம்; குறையக் குறைய துளி தட்டையாகும்) முதலில் 110 பாகை என்று வைத்துக்கொண்டால், இந்தப் படலத்தில் 100 வோல்ட்டுக்கு சுமார் 102 பாகை, 200 வோல்ட்டுக்கு சுமார் 78 பாகை என்று கணக்கு வருகிறது. உங்கள் 9 வோல்ட்டில் பத்தில் ஒரு பாகைகூட மாறாது. படலத்தை இரண்டாக மடித்துப் போட்டால் விளைவு பாதியாகும். அடியில் காற்று சிக்கினால் இன்னும் குறையும். ஓரளவுக்கு மேல் எவ்வளவு வோல்ட் ஏற்றினாலும் துளி பரவாது. மறுபடி குமிழி வந்தால் படலத்தில் ஊசித்துளை இருக்கிறது என்று பொருள், உடனே மாற்றுங்கள். நேர்திசை மின்சாரத்தில் படலத்துக்குள் மின்னூட்டம் தங்கிவிடுவதால் 1 கிலோஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரமே நல்லது.

வீட்டு 230 வோல்ட் இணைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். பேட்டரியில் ஓடும் சிறு வோல்ட்-ஏற்றி போதும். அதன் இரு முனைகளிலும் தொடராக 1 மெகாஓம் மின்தடை கட்டாயம். துளிக்கு மின்னோட்டம் ஏறக்குறைய தேவையே இல்லை என்பதால் இந்தத் தடையால் சோதனை கெடாது. அணைத்த பிறகும் ஏற்றியில் மின்னூட்டம் தேங்கியிருக்கும். ஆகவே அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் நீங்களே கையாளுங்கள்.

கேள்வி: எங்கள் வயலுக்கு மேலே போகும் உயரழுத்தக் கம்பிகள் வெயிலில் சும்மா இருக்கின்றன, தூறலில் மட்டும் ‘உஸ்’ என்று இரைகின்றனவே?
– விவசாயி, மேலூர்

பதில்: கம்பியின் அடியில் தொங்கும் துளிகளை மின்புலம் கூம்பாக இழுக்கிறது. அந்தக் கூர்முனையில் மின்புலம் செறிந்து, சென்டிமீட்டருக்கு 30 கிலோவோல்ட் அளவை எட்டினால் காற்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அந்தச் சிறு வெடிப்புகள்தான் இரைச்சல். இங்கேயும் இருமடிக் கணக்குதான்: நேர்மின்னோ எதிர்மின்னோ, துளி ஒரே மாதிரி இழுபடும். அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துளி நொடிக்கு 100 முறை துடிக்கும், இரைச்சலோடு 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் கேட்கும். மழை விட்ட பிறகும் கம்பி காயும்வரை நிற்காது. சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கம்பி தாழ்ந்து தொங்கினால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.