டைஜஸ்டரில் வெந்த பிறகும் சில மரச்சில்லுகள் நடுவில் வேகாமல் இருப்பது ஏன்?

பாளையங்கோட்டையில் வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: காகித ஆலையில் மரச்சில்லுகள் எல்லாம் ஒரே டைஜஸ்டரில் (மரத்தைக் கூழாக்க வேகவைக்கும் அழுத்தக் கலன்), ஒரே நேரம்தான் வேகின்றன. ஆனாலும் சிலவற்றின் நடுப்பகுதி வேகாமல் போவது ஏன்? வெப்பத்தைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். பல்ப் (காகிதக் கூழ்) லேபில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் பார்க்க வேண்டியது சில்லின் கனம், அதாவது தடிமன்.

வேகாமல் ஒதுக்கப்பட்ட ரிஜெக்டில் இருந்து ஒரு சில்லை எடுத்துக் கத்தியால் பிளந்து பாருங்கள். வெளிப்பக்கம் கரும்பழுப்பாக இருக்கும், விரலால் நசுக்கினாலே நார் நாராகப் பிரியும். உள்ளே போகப் போக நிறம் வெளுத்து, நட்டநடுவில் நகம் பதியாத வேகாத மரம் அப்படியே இருக்கும். வேகவைக்கும் கரைசலில் உள்ள காரம் எதுவரை போய்ச் சேர்ந்தது என்பதை அந்த நிறமே காட்டிவிடும்.

கார்ல் டால் 1884-ல் காப்புரிமை பெற்ற கிராஃப்ட் என்னும் கூழாக்கும் முறையில், சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும் சேர்ந்த ஒயிட் லிக்கர் என்னும் காரக் கரைசல் 170 டிகிரி செல்சியஸ் அளவில் லிக்னினைக் கரைக்கிறது. மரத்தில் நாரோடு நாரை ஒட்டி வைத்திருப்பது இந்த லிக்னின்தான். லிக்கர் உள்ளே போக இரண்டு வழிகள். மரத்தின் வெற்றுக் குழல்களுக்குள் நேராகப் பாய்வது ஒன்று. அது வேகமானது, ஆனால் உள்ளே காற்று இருந்தால் மறித்துவிடும். நம்மூர் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்து காய்ந்த தைலமரக் கட்டை என்றால் காற்று நிறையவே இருக்கும். அதனால்தான் சில்லுகளை முதலில் நீராவியில் விட்டுக் காற்றை விரட்டுகிறார்கள். தைலமரத்தின் வைரப்பகுதியில் குழல்களே அடைபட்டிருப்பது தனித் தொல்லை.

குழல்கள் நிரம்பிய பிறகு இரண்டாவது வழிதான் மிச்சம், விரவல். அசையாத நீருக்குள் அயனிகள் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமாகவே நகர வேண்டும். இதற்காகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 மி.மீ. சில்லை விட 8 மி.மீ. சில்லுக்கு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு நேரம் ஆகும். காரம் செல்சுவரை உப்பவைத்து எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி நுழைவதால், கிராஃப்ட் முறையில் கனம்தான் கணக்கு. கூழாக்கும் இன்னொரு முறையான அமில சல்ஃபைட் முறையில் சில்லின் நீளம் முக்கியம்.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். சமைக்கும் வெப்பநிலையில் ஏறத்தாழ 8 டிகிரி கூடினாலே லிக்னின் கரையும் வேகம் இரட்டிப்பாகும். விரவலின் வேகமோ கொஞ்சமாகத்தான் கூடும். காரம் உள்ளே போகும் வழியிலேயே வினைபுரிந்து தீர்ந்துவிடும். மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்னும் மாவுப்பொருள் வகையே அதில் பெரும்பங்கைத் தொடக்கத்தில் தின்றுவிடும். கடைசியில் வெளிப்பக்கம் வெந்து குழைந்து நாரின் பலம் போகும், நடுப்பகுதிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே 100 முதல் 120 டிகிரிக்குள் லிக்கரை நன்றாக ஊறவிட்டு, அப்புறம் சூடேற்றுவதே முறை.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கடல்பாசியைக் (அகர் அகர்) காய்ச்சும்போது கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து உறையவிடுங்கள். மெல்லிய துண்டு ஒன்றும் தடித்த துண்டு ஒன்றுமாக வெட்டி, சலவைச் சோடாக் கரைசலில் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் பட்ட இடம் சிவக்கும். அவ்வப்போது ஒரு துண்டை எடுத்துக் குறுக்காக வெட்டி, சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, நேரத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழத்தின் வர்க்கத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு கிடைக்கும். கல்லூரி புராஜெக்டுக்கே இது தாங்கும்.